வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே உடம்பைக் குறைப்பது எப்படி? கோலாலம்பூர்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடியும் முன்பே பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து ஆபீஸ் சேர்ந்து, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். தினமும் ஒரு மணி நேரம் ஜிம்முக்கு ஒதுக்க முடிந்தவர்களுக்கு வேறு வழிகள் நிறைய உண்டு. இங்கே உள்ள பதில்கள் ஒரு நாளில் இருபது நிமிடம் கிடைக்கும் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாதவர்களை நினைத்து எழுதியவை.

எனக்கு எடை கூடுதலா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. ஆசிய உடல்வாகுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் உடற்பருமன். 1.65 மீட்டர் உயரமுள்ளவருக்கு 23 என்பது ஏறத்தாழ 62.5 கிலோ, 27.5 என்பது 75 கிலோ. 1.55 மீட்டர் என்றால் 55 கிலோவும் 66 கிலோவும்.

அதைவிட நம்மவர்களுக்கு முக்கியம் இடுப்பளவு. கைகால் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பது இந்திய உடம்பில் சகஜம். அந்த வயிற்றுக் கொழுப்புதான் இனிப்பு நீரையும் இரத்தக் கொதிப்பையும் இழுத்து வருகிறது. தையல் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளவெடுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது.

2023இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோடோ உடற்பருமனோடோ இருந்தார்கள். அதாவது பாதிக்கு மேல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது.

எத்தனை கிலோ குறைக்க வேண்டும்? எவ்வளவு காலத்தில்?

முதல் இலக்காக இப்போதைய எடையில் 5 முதல் 7 விழுக்காடு போதும். 80 கிலோ என்றால் 4 முதல் 5.6 கிலோ. இது சிறியதாகத் தோன்றலாம். நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், 7 விழுக்காடு எடை குறைப்பும் வாரம் 150 நிமிட உடலசைவும் இலக்காக வைக்கப்பட்டன. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். கால் கிலோ குறைந்தாலும் ஆறு மாதத்தில் 6 கிலோ. வாரம் இரண்டு மூன்று கிலோ என்று கேட்டால், அதில் பெரும்பகுதி தண்ணீரும் தசையும்தான்.

சாப்பாட்டில் தொடங்குவதா, உடற்பயிற்சியில் தொடங்குவதா?

நேரம் இல்லாதவர் சாப்பாட்டில்தான் தொடங்க வேண்டும். கணக்கு எளிது. 75 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி. இரண்டு ரொட்டியை ஒன்றாகக் குறைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதை நடந்து கரைக்க ஒரு மணி நேரம் வேண்டும்.

அதற்காக உடற்பயிற்சி வீண் என்று நினைத்துவிட வேண்டாம். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் காப்பது பயிற்சிதான். இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்குவது, தூக்கத்தைச் சீராக்குவது, குறைந்த எடை மறுபடியும் ஏறாமல் தடுப்பது எல்லாம் அதன் வேலை. எங்கள் பரிந்துரை இதுதான்: முதல் இரண்டு வாரம் குடிக்கும் பானத்தையும் சமையல் எண்ணெயையும் மட்டும் திருத்துங்கள். மூன்றாவது வாரம் நடை. ஐந்தாவது வாரம் பளு. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வெள்ளிக்கிழமையைத் தாண்டுவதில்லை. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல், ஆபீஸில் ஒரு கணக்கு முடிப்பு, அவ்வளவுதான், எல்லாம் சேர்ந்து சரியும்.

தே தாரிக் இல்லாமல் இருக்க முடியவில்லை. என்ன செய்வது?

விட வேண்டாம், மாற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் ஏறத்தாழ 65 கலோரி, 11 கிராம் சீனி. கடையில் ஒரு கோப்பைக்கு இரண்டு, மூன்று கரண்டி போகும். அப்படியானால் கோப்பைக்கு 130 முதல் 200 கலோரி. காலை ஒன்று, பத்தரைக்கு ஒன்று, மாலை ஒன்று என்றால் ஒரு நாளில் 400 முதல் 600. சாப்பாட்டில் கை வைக்காமலே இங்கே குறைக்க இடமிருக்கிறது.

முதல் வாரம் மூன்று கோப்பையில் ஒன்றை மட்டும் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) ஆக்குங்கள். இரண்டாவது வாரம் இன்னொன்றை ‘தே சி கோசோங்’ ஆக்குங்கள். இதில் கெட்டிப்பாலுக்குப் பதில் சீனி சேராத ஆவிப்பால் வரும், பால் சுவை போகாது, கலோரி மிகக் குறைவு. மூன்றாவது கோப்பையை ‘குராங் மானிஸ்’ என்று கேட்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘குராங் மானிஸ்’ என்பதற்கு அளவு கிடையாது, கலக்குபவரின் கைதான் அளவு. ‘கோசோங்’ என்றால் மட்டுமே சந்தேகமில்லை. ‘தே சி’ என்று மட்டும் சொல்லி ‘கோசோங்’ சொல்லாமல் விட்டால் சீனி போட்டுத்தான் வரும்.

நாக்கு பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகு பழைய இனிப்பு திகட்டும். காப்பி, சீனி, க்ரீமர் மூன்றும் கலந்து வரும் பொட்டலங்களிலும் பெரும்பகுதி சீனியும் க்ரீமரும்தான். ஆபீஸ் அலமாரியில் அவற்றுக்குப் பதில் சீனியில்லாத காப்பித் தூள் வாங்கி வையுங்கள். மைலோ ஐஸ், சிராப் பாண்டோங், கரும்புச் சாறு இவையெல்லாம் பானமல்ல, இனிப்புப் பண்டம் என்றே கணக்கில் வையுங்கள்.

மத்தியானம் வெளியில்தான் சாப்பாடு. மாமாக் கடையிலும் வாழையிலைக் கடையிலும் எதைக் கேட்பது?

தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று சொல்லிவரும் அளவு இதுதான். கடையில் இதைக் கொண்டுவர வாய் திறந்து கேட்க வேண்டும். “பாய், சோறு பாதி, சாயோர் கூட, குவா அசிங்.” கறியைச் சோற்றின் மேல் ‘பாஞ்சிர்’ செய்யாமல் தனிக் கிண்ணத்தில் கேட்பதுதான் பெரிய வித்தியாசம். கறியின் மேல் மிதக்கும் எண்ணெயும் தேங்காய்ப் பாலும் சோற்றில் ஊறிவிட்டால் எவ்வளவு போனது என்றே தெரியாது. தனியாக இருந்தால் மூன்று, நான்கு கரண்டியோடு நிறுத்தலாம்.

பொரித்த கோழியைவிடக் கறிக்கோழி, அதைவிட அவித்த அல்லது சுட்ட மீன். கோழியின் தோலை எடுத்துவிடுங்கள். முட்டை கேட்டால் அவித்த முட்டை.

வாழையிலைச் சாப்பாட்டில் ஆபத்து மறுபடி பரிமாறுவதில் இருக்கிறது. முதல் சோறு முடிவதற்குள் இரண்டாவது வந்து விழுந்துவிடும். முதல் முறையே பாதிச் சோறு கேட்டு, முடிந்ததும் இலையை மடித்துவிடுங்கள். பொரியலையும் கூட்டையும் தயிரையும் இரண்டாம் முறை கேட்பதில் தவறில்லை. அப்பளம் ஒன்று போதும், பாகற்காய் வறுவல் எண்ணெயில் பொரித்தது என்பதை மறக்க வேண்டாம்.

காலைப் பசியாறைக்கு ரொட்டி சானாயைவிடச் சாதாரணத் தோசையும் இட்லியும் மேல், ஏனென்றால் ரொட்டி மாவு பிசையும்போதே கொழுப்பு சேர்கிறது, வீசி மடிக்கும்போது மறுபடியும் சேர்கிறது. நெய்த் தோசை என்றால் இந்த வாதம் செல்லாது. இட்லியோடு பருப்புச் சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்த்தால் பதினொரு மணிக்குக் கரிப்பாப் தேடி கை போகாது.

வீட்டுச் சமையல்தான் சாப்பிடுகிறோம். பிறகும் ஏன் எடை ஏறுகிறது?

எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 கிலோ எண்ணெய் முடிகிறது என்று வைப்போம். ஒரு கிராம் எண்ணெயில் ஏறத்தாழ 9 கலோரி. 5,000 கிராமை முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 370 கலோரி, எண்ணெயிலிருந்து மட்டும். அதுவே மாதம் 2 கிலோவாக இறங்கினால் 150. யாரும் பட்டினி கிடக்காமல், சோற்றைக் குறைக்காமல், ஆளுக்கு 200 கலோரிக்கு மேல் குறைகிறது.

இதைச் செய்ய முதலில் வேண்டியது அளவுகரண்டி. போத்தலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். நான்கு பேருக்கான பொரியல் தாளிக்க 2 தேக்கரண்டி போதும், குழம்புக்கு ஒரு மேசைக்கரண்டி. வெங்காயம் வதங்கும்போது அடிபிடித்தால் எண்ணெய் ஊற்றாமல் இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து மூடுங்கள். அடிகனமான அல்லது ஒட்டாத சட்டி இல்லாவிட்டால் இந்த முயற்சி தோற்கும், மெல்லிய அலுமினியச் சட்டியில் மசாலா கருகிக் கசந்துவிடும், வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள்.

தேங்காய்ப் பால் ஊற்றும் கறிக்குப் பாதி அளவு பாலும் மீதிக்கு அரைத்த வெங்காயமும் தக்காளியும் சேர்த்தால் கெட்டித்தன்மை குறையாது. பொரித்த மீனுக்குப் பதில், அதே மசாலா தடவிய கெம்போங் மீனை ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைக்கலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயை மீன் மேல் தடவினால்தான் தோல் மொறுமொறுப்பாகும், சுத்தமாக எண்ணெய் இல்லாமல் வைத்தால் காய்ந்து வறண்டுபோகும்.

இன்னொரு காரணம் பேசப்படுவதே இல்லை: பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை அம்மா சாப்பிடுவது. வீணாக்க மனம் வராது, புரிகிறது. பிள்ளைகளுக்கு முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடுங்கள். மிச்சமானதை டப்பாவில் போட்டு மறுநாளுக்கு வையுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் வந்து சமைக்க முடியவில்லை. தாப்பாவ் வாங்குவதைத் தவிர வழி உண்டா?

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் உண்டு. நான்கு பேருக்கு ஒரு மாதிரி: சனி இரவே அரைக் கிலோ கொண்டைக் கடலை ஊறப் போடுங்கள். ஞாயிறு காலை குக்கரில் கடலையை வையுங்கள், பக்கத்து அடுப்பில் பத்து முட்டை. அவை வேகும் நேரத்தில் நீட்டுப் பயற்றங்காய், கோஸ், கேரட் நறுக்கித் தனித்தனி டப்பாவில் போடுங்கள். தோலில்லாத கோழி ஒரு கிலோவை மஞ்சள், மிளகாய், தயிர் பிசறி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சமைத்துக் குளிர்பெட்டியிலும் மறு பாதியைப் பச்சையாக உறைபெட்டியிலும் வையுங்கள். இஞ்சி, பூண்டு, வெங்காயம் வதக்கி அரைத்த விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், வார நாளில் நான்கு கட்டி எடுத்துப் போட்டால் குழம்பு தொடங்கிவிடும்.

சமைத்த கோழி குளிர்பெட்டியில் மூன்று, நான்கு நாள் தாங்கும், ஓட்டோடு அவித்த முட்டை ஒரு வாரம். வேகவைத்த கடலையில் பாதியையும் உறைபெட்டியில் வையுங்கள். புதன் இரவே மறு பாதிக் கோழியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். மறந்தால் வியாழன் இரவு கல்லாக இருக்கும், அன்றைக்குத்தான் கால் மாமாக் கடைப் பக்கம் போகும்.

அரிசி அளவையும் இப்போதே தீர்மானியுங்கள். ரைஸ் குக்கர் கப்பில் இரண்டு கப் அரிசி வெந்தால் ஏறத்தாழ 700 கிராம் சோறு. நான்கு பெரியவர்களுக்கு ஆளுக்கு 175 கிராம், ஏறத்தாழ 225 கலோரி. இரவுக்கு அது போதும். மூன்று கப் போட்டால் மூன்று கப்பும் தீரும்.

சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி சாப்பிட்டால் குறையுமா?

சோறு குற்றவாளியல்ல, அளவுதான். நெய் தடவிய நான்கு சப்பாத்தி, ஒரு கிண்ணம் சோற்றைவிட அதிகக் கலோரி. எது பிடிக்குமோ அதைக் கால் தட்டு சாப்பிடுங்கள்.

புரதம் எவ்வளவு வேண்டும்? சைவமாக இருந்தால்?

எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 கிராம் என்ற அளவைக் குறிவையுங்கள். 70 கிலோ என்றால் 84 கிராம். இரண்டு முட்டையில் 12, உள்ளங்கை அளவு மீன் அல்லது கோழி இரண்டு வேளைக்கும் சேர்த்து 50, நூறு கிராம் தெம்பேயில் 19. ஏறத்தாழ வந்துவிட்டது.

சைவத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். புரட்டாசி மாதத்தில் எடை ஏறுகிறது என்று சொல்வோர் உண்டு. காரணம், மீன் போன இடத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் பொரித்த சைவக் கோழியும் வந்துவிடுகின்றன. தண்ணீர்ச் சாம்பார் ஒரு கரண்டியில் புரதம் மிகக் குறைவு. கெட்டிப் பருப்பு, கொண்டைக் கடலை, தௌபூ, தெம்பே, தயிர் இவற்றில் குறைந்தது இரண்டு ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். தெம்பே மலிவு, எல்லாப் பாசாரிலும் கிடைக்கிறது, பொரிக்காமல் குழம்பில் போட்டால் மசாலாவை நன்றாக இழுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது எங்கள் வருத்தம்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடக்க எப்போது நேரம்? விடியற்காலையில் இருட்டு, மாலையில் மழை.

உண்மைதான். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் உதிக்கிறது. பள்ளியும் வேலையும் இருப்பவர் வெளிச்சத்தில் நடந்துவிட்டுக் கிளம்ப வழியில்லை. அதனால் நடையைத் துண்டு போடுங்கள். வாரம் 150 நிமிடம் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவை எப்படிச் சேர்த்தாலும் கணக்கில் வரும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம். சாப்பிட்டபின் நடக்கும் நடை இரத்தச் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும், ஆகவே இதே பத்து நிமிடத்தை வெறும் வயிற்றில் நடப்பதைவிட இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது மேல். மழை என்றால் கொண்டோவின் கார் நிறுத்துமிடமோ பேரங்காடியோ போதும். எல்ஆர்டி, எம்ஆர்டி பயணிகள் ஒரு நிலையம் முன்பே இறங்கலாம், நகரும் படியை விட்டுச் சாதாரணப் படியில் ஏறலாம். பிள்ளை டியூஷனில் இருக்கும் ஒரு மணி நேரம் காரில் கைப்பேசியோடு உட்காராமல் அந்தத் தாமானைச் சுற்றுங்கள். வாரத்தில் இரண்டு டியூஷன் என்றால் அதிலேயே 90 நிமிடம் வந்துவிடும்.

வேகம் முக்கியம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள் இருங்கள்.

ஞாயிறன்று குடும்பத்தோடு தித்திவாங்சா ஏரி அல்லது கெப்போங் பூங்கா. பத்துமலைக்குப் போகிறவர்கள் 272 படியை ஒருமுறை நிதானமாக, நிற்காமல் ஏறிப் பார்க்கலாம். இறங்கும்போதுதான் முட்டிக்கு அதிகச் சுமை, ஆகவே கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குங்கள்.

வீட்டிலேயே இருபது நிமிடத்தில் செய்யும் பளுப் பயிற்சி எது?

வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. திங்களும் வியாழனும் என்று வையுங்கள். தேவை ஒரு நாற்காலி, ஒரு பழைய பள்ளிப் பை, 5 கிலோ அரிசிப் பை இரண்டு.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், பத்து முறை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூன்று எண்ணி இறங்கி, பாதம் முழுவதையும் ஊன்றி எழ வேண்டும். தொப்பென்று விழுந்தால் பயனில்லை. அடுத்து அடுப்படி மேடையின் விளிம்பில் கை ஊன்றித் தண்டால், எட்டு முறை. உடம்பு பலகை போல நேராக இருக்கட்டும். மூன்றாவது, அரிசி போட்ட பள்ளிப் பையை ஒரு கையில் பிடித்து, மறு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, முழங்கை விலாவை உரசும்படி மேலே இழுத்தல், பக்கத்துக்குப் பத்து. நான்காவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தி இரண்டு நொடி நிறுத்துதல், பன்னிரண்டு முறை. கடைசியாக ஒவ்வொரு கையிலும் 5 கிலோ பிடித்து, தோளைத் தாழ்த்தி, நிமிர்ந்து வீட்டுக்குள்ளேயே நாற்பது நொடி நடத்தல்.

ஐந்தும் சேர்ந்து ஒரு சுற்று. ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு அடுத்த சுற்று. மொத்தம் மூன்று. முதல் வாரம் ஒரே சுற்றோடு நிறுத்துங்கள். முதல் நாளே மூன்று சுற்று செய்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்கவே முடியாது. பலர் விட்டுவிடுவது அந்த வலியில்தான்.

ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் ‘இன்னும் இரண்டு, மூன்று முடியும்’ என்ற நிலை இருக்க வேண்டும். பத்து எளிதானால் பன்னிரண்டு, பன்னிரண்டும் எளிதானால் எடையைக் கூட்டுங்கள். உட்கார்ந்து எழுவதற்கு அரிசிப் பையை அணைத்துக்கொள்ளலாம், தண்டாலுக்கு மேடையிலிருந்து கட்டில் விளிம்புக்கும் பிறகு தரைக்கும் இறங்கலாம். மாதக்கணக்கில் அதே எடை, அதே எண்ணிக்கை என்றால் தசை வளரக் காரணமே இல்லை. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள்.

முட்டி வலிக்கிறது. இதெல்லாம் செய்யலாமா?

நாற்காலி மேல் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டினால் பெரும்பாலோர் வலியில்லாமல் எழ முடியும். குதிக்கும் பயிற்சி வேண்டாம். செய்யும்போது லேசான வலி இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். முட்டி வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

இரவு ஷிப்ட் வேலை. எப்போது சாப்பிடுவது?

இரவு ஏழு முதல் காலை ஏழு வரை வேலை என்றால், முழுச் சாப்பாட்டை மாலை ஆறு மணிக்கு வீட்டிலேயே முடியுங்கள். நள்ளிரவில் சிறு உணவு: இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கடலை, ஒரு பழம். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு, அந்த நேரத்து மீ கோரெங்தான் ஷிப்ட்காரர்களின் வயிற்றை வளர்க்கிறது. தூங்கப்போவதற்கு ஆறு மணி நேரம் முன்பே காப்பி, தேநீரை நிறுத்துங்கள். வீடு திரும்பியதும் லேசான பசியாறை, இருட்டாக்கிய அறை, கைப்பேசி வேறு அறையில். பயிற்சியை எழுந்தபின், வேலைக்குக் கிளம்பும் முன் செய்யுங்கள். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு எடை குறைக்கப் பார்ப்பது மிகக் கடினம், தூக்கம் குறைந்தால் பசி ஏறும்.

வேலை நேரத்தை மாற்றிக் கேட்க உரிமை உண்டா?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 48லிருந்து 45 மணியாகக் குறைந்தது. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் நெகிழ்வு கேட்டுத் தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை, ஆனாலும் கேளுங்கள். ‘உடற்பயிற்சிக்கு’ என்று எழுதாமல் ‘காலை 7.30 முதல் மாலை 4.30 வரை’ என்று திட்டவட்டமாக எழுதினால் எடைபோட எளிது. நெரிசலில் மிச்சமாகும் நேரம்தான் உங்கள் நடை நேரம்.

ஒரு மாதமாக எடை அசையவே இல்லை. ஏன்?

முதலில், உண்மையிலேயே அசையவில்லையா என்று பாருங்கள். காலையில் கழிவறை போனபின், தண்ணீர் குடிக்குமுன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியைக் குறித்துவையுங்கள். சனி இரவு உப்பும் சோறும் தூக்கலான நாசி கண்டார் சாப்பிட்டால் ஞாயிறு காலை ஒரு கிலோவுக்கு மேல் ஏறலாம், அது தண்ணீர். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாள்களிலும் அப்படித்தான். மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்று, நான்கு வாரச் சராசரியும் இடுப்பளவும் இரண்டுமே நின்றிருந்தால் முதல் சந்தேகம் வார இறுதி. ஐந்து நாள் தினம் 400 கலோரி குறைத்தால் 2,000. சனியும் ஞாயிறும் நாளுக்கு 1,000 கூடினால் கணக்கு பூஜ்யம். அடுத்த சந்தேகம் எண்ணெய்க் கரண்டி, அது மெல்ல மெல்லப் போத்தலுக்குத் திரும்பியிருக்கும். மூன்றாவது, எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைவு. இவற்றை ஒரு வாரம் எழுதிப் பார்த்தபின், இரவுச் சோற்றில் இரண்டு கரண்டி குறைத்து, ஒரு பத்து நிமிட நடையைக் கூட்டுங்கள். உணவை ஒரேயடியாகப் பாதியாக்க வேண்டாம்.

தீபாவளி, திறந்த இல்ல உபசரிப்பு, கல்யாணம், கோயில் அன்னதானம்?

பண்டிகை நாள் எடையைக் கூட்டுவதில்லை, பண்டிகை மாதம் கூட்டுகிறது. தீபாவளியன்று மனம் நிறையச் சாப்பிடுங்கள். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை டின்களை மேசை மேல் மூன்று வாரம் வைத்திருப்பதுதான் சிக்கல். விருந்தாளி வரும்போது மட்டும் திறக்கும்படி உயர அலமாரியில் வையுங்கள், மிச்சத்தை முதல் வாரத்திலேயே ஆபீஸுக்கும் அண்டை வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். ஒரே நாளில் மூன்று வீட்டு அழைப்பு என்றால் ஒரு வீட்டில் மட்டும் சோறு, மற்ற இரண்டில் ஒரு பலகாரமும் வெறும் தண்ணீரும். அத்தை கோபித்துக்கொள்வார் என்றால் தாப்பாவ் கட்டித் தரச் சொல்லுங்கள், அவருக்கும் மகிழ்ச்சி.

பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறை நல்லதா?

சிலருக்கு ஒத்துவரும், ஏனென்றால் இரவு நொறுக்கல் நின்றுவிடும். அதில் வேறு மந்திரம் இல்லை. ஆனால் இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்த்து, நடுங்கி, தலை சுற்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். தைப்பூச விரதத்துக்கும் இதே எச்சரிக்கைதான். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் இந்த முறையைத் தவிர்க்க வேண்டும்.

எடை குறைக்கும் காப்பி, மாத்திரை, பவுடர்?

வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொருள்கள் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்து மறைவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயத்தால் 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. முதல் வாரமே பசி சுத்தமாக அற்று, நெஞ்சு படபடத்து, வாய் வறண்டு, தூக்கம் போனால் உடனே நிறுத்திப் பொருளோடு மருத்துவரிடம் போங்கள். பதிவு பெற்ற மருந்துப் பொட்டலத்தில் ‘மால்’ என்று தொடங்கும் எண் இருக்கும், அதை அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். வாராந்திர ஊசி மருந்துகள் வேறு வகை. மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் கண்காணிப்பில் மட்டுமே போட வேண்டியவை.

தொடங்குமுன் எங்கே பரிசோதனை செய்வது?

அரசாங்கக் கிளினிக் கெசிஹாதானில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், உணவியல் ஆலோசகரிடம் அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். 40 வயதைத் தாண்டிய குறைந்த வருமானக் குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டுவோர் தங்களுக்கான பரிசோதனைத் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனை. வாயு என்று சொல்லிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் யாரும் ஒத்துழைக்கவில்லை. தனியாகச் சமைப்பதா?

தனிச் சமையல் இரண்டு வாரத்தைத் தாண்டாது. ஒரே சட்டி, ஒரே குழம்பு, எல்லோருக்கும் அளவு எண்ணெய். வளரும் பிள்ளைகளுக்குச் சோறு கூடுதலாகப் போடலாம், தயிரும் பழமும் சேர்க்கலாம். இனிப்புப் பானத்தை யாருக்காகவும் வாங்கி வைக்க வேண்டாம், குளிர்பெட்டியில் இருந்தால் குடிக்கப்படும்.

பேச வேண்டியது கணவன் மனைவி இருவரும். பெரும்பாலான வீடுகளில் சமையல், பாத்திரம், பிள்ளையின் வீட்டுப்பாடம் மூன்றும் ஒருவர் தலையிலேயே இருக்கின்றன. அந்த ஒருவருக்குத்தான் பயிற்சிக்கு நேரம் இல்லை. திங்களும் வியாழனும் இரவு எட்டரை முதல் ஒன்பது வரை பாத்திரமும் பிள்ளைகளும் மற்றவர் பொறுப்பு என்று முடிவு செய்து, குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மாற்றிக்கொள்ளுங்கள்.